சூரியச் செயல்பகுதி மின்னோட்டங்கள்

சூரியப் புள்ளிகளைச் சூழ்ந்த செயல்பகுதிகளில், முறுக்கேறிய காந்தப்புலத்தோடு சேர்ந்து பாயும் மின்னோட்டங்கள். அளவில் லட்சம் கோடி ஆம்பியரை எட்டக்கூடியவை. புள்ளிகளின் காந்தத்தன்மையை 1908இல் ஜார்ஜ் எல்லரி ஹேல் கண்டறிந்தார். மின்னோட்டத்தையோ நேரடியாக அளக்க வழியில்லை. நிறமாலைக் கோடுகளின் பிளவிலிருந்தும் ஒளியின் முனைவாக்கத்திலிருந்தும் காந்தப்புலத்தைக் கணித்து, அது இடத்துக்கு இடம் சுழலும் விதத்தைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள். அதிலும் செங்குத்துக் கூறு மட்டுமே கைக்கு எட்டும்.

மின்னோட்டமற்ற காந்தப்புலமே மிகக் குறைந்த ஆற்றல் கொண்டது. ஆகவே சுடர்வெடிப்புக்குச் செலவாவது மின்னோட்டங்கள் சேர்த்துவைத்த மிகுதிதான். மெல்லிய மின்னோட்டத் தகட்டில் எதிரெதிர்க் காந்தக்கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது அது வெப்பமாகவும் எக்ஸ் கதிர்களாகவும் விரைவுத் துகள்களாகவும் வெளியேறுகிறது. 2011 பிப்ரவரி 15 அன்று 11158ஆம் செயல்பகுதியில் நிகழ்ந்த எக்ஸ் 2.2 வெடிப்பு, 24ஆம் சூரியச் சுழற்சியின் முதல் எக்ஸ் வகை வெடிப்பு.