கண்ணுக்கும் தோலுக்கும் இடையே நூறாண்டு

சிம்மக்கல்லில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துவிட்டுக் கீழமாசி வீதிப் பக்கம் நடந்தால் நாட்டு மருந்தின் மணம் நம்மை எதிர்கொள்ளும். அண்மையில் அங்கொரு கடையில் புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றும் வேண்டுமென்று கேட்டேன். ஒரே பொட்டலமாகக் கட்டச் சொன்னதற்குக் கடைக்காரர், "ஒன்னாக் கட்டக்கூடாது சார், வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணியாயிரும்" என்றார்.

அவர் கூற்று உண்மை. ஒரு துளி நீரும் சேராமல் இத்திடப்பொருள்கள் கூடிய அளவிலேயே நீர்மமாகிவிடும். வடநாட்டில் அமிர்ததாரா என்ற பெயரில் புட்டியில் விற்கப்பட்டதும் இக்கலவையே. மருத்துவ உலகம் ஏறத்தாழ நூறாண்டு விடை தேடிய வினாவொன்றுக்கு இவ்வியல்பே வழிகாட்டியது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. அவ்வரலாற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1884 செப்டம்பரில் வியன்னா நகரத்து இளம் மருத்துவர் கார்ல் கோல்லர், கோக்கெயின் கரைசலின் சில துளிகளால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் எனக் கண்டறிந்தார். நோயாளி விழித்திருக்கையிலேயே கண் அறுவை செய்ய வழி பிறந்தது. ஆனால் கண்ணில் வென்ற கரைசல் தோலில் தோற்றது. பூசியும் பயனில்லை; ஊசியால் உட்செலுத்த வேண்டியிருந்தது. வலி போக்கும் மருந்தை வலியோடுதான் பெற வேண்டுமென்ற முரண் அங்கே தொடங்கிற்று.

காரணம் தோலின் மேற்புறத்து இறந்த செல்களாலான கொம்புப் படலம். பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. நம் திருமலை நாயக்கர் மகாலின் சுவரை எண்ணிக்கொள்ளுங்கள். செல்கள் செங்கற்கள், அவற்றினிடையே உள்ள கொழுப்பு, சுண்ணாம்புச் சாந்து. கண்ணின் மேற்பரப்பில் இச்சுவர் இல்லை. 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெயினும் வாயிலும் தொண்டையிலும் நன்கு வேலை செய்தது; முழுமையான தோலின் முன் தயங்கி நின்றது.

சாந்தினை இளக்கும் பொருளையே ஊடுருவல் ஊக்கி என்கிறோம். அதில் செயற்கை வழியொன்று உண்டு. டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற திரவம் 1866இலேயே ஆக்கப்பட்டது. 1960களில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஸ்டான்லி ஜேக்கப் என்னும் மருத்துவர், அது தோலை எளிதாகக் கடப்பதையும் பிற பொருள்களைத் தன்னோடு அழைத்துச் செல்வதையும் எடுத்துக்காட்டினார். ஆய்வு விலங்குகளின் கண்வில்லையில் மாற்றம் தென்படவே, 1965இல் அந்நாட்டு அரசு மனிதச் சோதனைகளை நிறுத்தியது.

இயற்கை வழி நமக்கு அணுக்கமானது. 1843இல் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் மரத்தின் தைலமும், கற்பூரமும், புதினா உப்பும் 1893இல் தோன்றிய அமிர்தாஞ்சனம் முதலிய தைலங்களில் இடம்பெற்றன. குளிர்ச்சிக்கும் மணத்துக்குமாகச் சேர்க்கப்பட்டவை அவை. அவையே கொழுப்புச் சாந்தின் ஒழுங்கைக் குலைத்துப் பிற மருந்துகளுக்கு வழிவிடுகின்றன என்பது பின்னாளைய ஆய்வுகளில் புலப்பட்டது.

இறுதி வெற்றி மூன்றாம் வழியில் கிட்டியது. 68 பாகையில் உருகும் லிக்னோகெயினையும் 38 பாகையில் உருகும் பிரிலோகெயினையும் சம அளவில் கலந்தால், அறையின் வெப்பத்திலேயே எண்ணெய் போன்ற நீர்மம் கிடைக்கிறது. கீழமாசி வீதிக் கடைக்காரர் சொன்ன அதே இயல்புதான். அந்நீர்மத் துளிகளில் மருந்து செறிந்திருப்பதால் சுவரைக் கடக்கும் விசை மிகுகிறது. 1980களில் ஸ்வீடனில் எம்லா என்ற பெயரில் இக்களிம்பு வந்தது. பூசி மூடி ஒரு மணி நேரம் காத்திருந்தால் குழந்தைக்கு ஊசி குத்தும் வலி பெரிதும் தணியும்.

"இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தவைதாமே?" என்று மாணவர் வினவுவதுண்டு. சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்துத் தோலையும் மருந்தேறும் வழியாகக் கொண்டது நமக்குப் பெருமையே. ஆயினும் பொருள்கள் உருகுவதைக் காண்பது வேறு. எவ்வளவு மருந்து எத்தனை நேரத்தில் குருதியை அடைகிறது என அளப்பது வேறு. முன்னது நம்மிடம் இருந்தது. பின்னது ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்வது முன்னோர்க்குச் செய்யும் சிறப்பாகாது.

அவ்வளவை ஏன் பொருட்படுத்த வேண்டும்? திறந்த கதவு நல்லது தீயது பாராது. முடி நீக்கும் சிகிச்சைக்கு முன் லிக்னோகெயின் களிம்பை மிகுதியாகப் பூசி உறையால் சுற்றிக்கொண்ட இளம்பெண்கள் இருவர் இறந்ததையொட்டி 2007இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை விடுத்தது. பிரிலோகெயின் மிகுந்தால் பச்சிளங்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். இயற்கைப் பொருளும் விதிவிலக்கன்று. விளக்கெண்ணெய் என மயங்கிப் புகட்டியதால் நஞ்சாகிய கற்பூர எண்ணெய், 1982இல் அந்நாட்டு மருந்துக் கடைகளிலிருந்தே விலக்கப்பட்டது.

நம் வீடுகளில் சளி கட்டிய கைக்குழந்தையின் நெஞ்சில் கற்பூரம் காய்ச்சிய எண்ணெயைத் தேய்ப்போர் இன்றும் உளர். என் இல்லத்திலும் அவ்வழக்கம் இருந்தது. மருத்துவரைக் கேளாமல் அதைச் செய்யாதிருப்பதே நலம். "பூசுவதுதானே, என்ன ஆகிவிடும்" என்ற சொல்லை மட்டுமாவது நாம் கைவிட வேண்டும். பூசியது உள்ளே செல்லும் என்பதற்குத்தான் இந்த நூறாண்டு வரலாறு சான்றாக நிற்கிறது.