அக்கா நடத்திய ஒடுக்கம்

என் பாட்டி ‘தியானம்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘ஒடுக்கம்’ என்பாள். “நாளையிலேருந்து கோயில்ல ஒடுக்கம்” என்று அவள் சொல்லிவிட்டால் மூன்று நாளைக்கு மீன்கூடை திண்ணையில் கவிழ்ந்து கிடக்கும். பழைய வேதப் புத்தகங்களில் ‘ஞான ஒடுக்கம்’ என்று முழுதாக அச்சிட்டிருப்பார்கள். ஆமை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளுமே, அந்த ஒடுக்கம். கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சொல்மேல் ஆசை உண்டு. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஒடுக்கி உட்கார வைக்கப் பார்த்தவள் நான். அவர்களுக்கு அது பொருந்தாது.

1985 மே மாதம். சர்வதேச இளைஞர் ஆண்டு என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பங்குச் சாமியார் இளைஞர் மன்றத்தில் ஆறு பேரைக் கூப்பிட்டு, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மூன்று நாள் தியானம் நீங்கள்தான் நடத்த வேண்டும் என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். “சாமி, எங்களுக்கு என்ன தெரியும்?” என்றேன். “பிள்ளைகளைவிட ஒரு வகுப்பு கூடப் படிச்சிருந்தாப் போதும்” என்றார். அவர் வேலையைத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். வாத்தியார் வேலையில் முப்பது வருஷம் கழித்து, ஓய்வு பெற்றுப் பழைய கடிதங்களைப் படிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்தக் கடற்கரையில் வேதம் சொல்லிக்கொடுத்த வழக்கமே அதுதான் என்று.

ஒடுக்கத்தின் மூலம் ஸ்பெயினில் இருக்கிறது. காலில் குண்டடிபட்டு எழுந்த ஒரு போர்வீரர், பிற்பாடு புனித இஞ்ஞாசியார், 1522-ல் மன்ரேசா என்ற ஊரில் தங்கி ஜெபித்தார். அங்கே எழுதத் தொடங்கிய குறிப்புகள்தான் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற சிறுநூலானது. நான்கு வாரம், முப்பது நாள் கணக்கு. 1548-ல் மூன்றாம் பவுல் பாப்பரசர் அதற்கு ஒப்புதல் தந்தார். ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பே இஞ்ஞாசியார் பிறருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் குருவானவர் அல்ல, படித்துக்கொண்டிருந்த ஆள். அதற்காகவே 1527-ல் அல்காலா நகரில் சிறையில் போட்டார்கள். படிப்பு முடியும்வரை விசுவாசக் காரியங்களைப் பேசக்கூடாது என்று தீர்ப்பும் சொன்னார்கள். “உங்களுக்கெல்லாம் யாருடி அதிகாரம் கொடுத்தது?” என்று 1985-ல் எங்களைக் கேட்ட பெரியவர்களுக்குப் பதில் சொல்ல, இந்தக் கதை அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த நூலின் தொடக்கக் குறிப்புகளில் பதினெட்டாவது முக்கியமானது. பயிற்சி பெறுபவரின் வயது, படிப்பு, திறமை ஆகியவற்றுக்கு ஏற்ப எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. முப்பது நாள் எங்கள் கையில் மூன்று நாளானதற்கும், இடையிடையே ஓடிப்பிடித்து விளையாடியதற்கும் அதுதான் உரிமைச்சீட்டு.

இஞ்ஞாசியாரிடம் பாரிஸில் 1534-ல் அந்தப் பயிற்சியை எடுத்தவர் சவேரியார். எட்டு வருஷத்தில் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். 1536, 37-ல் இந்தக் கரைப் பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் சிரிப்பு வரும். பிள்ளைகள் என்னைச் செபம் செய்யவும் விடுவதில்லை, சாப்பிடவும் விடுவதில்லை, தூங்கவும் விடுவதில்லை, ஏதாவது செபம் சொல்லிக்கொடு என்று பிடித்துக்கொள்கிறார்கள் என்கிறார். கோடை விடுமுறையில் எந்தப் பிள்ளைகளோடும் மூன்று நாள் இருந்தவர்களுக்கு இது தெரிந்த பாடுதான்.

தமிழ் அவருக்கு வராது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை எல்லாவற்றையும் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டினார். படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் வேலைக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளி வீடுகளுக்கு எல்லாம் போய்ச்சேர முடியாமல் பிள்ளைகளையே செபம் சொல்ல அனுப்பினார். ஆக, இங்கே முதல் உபதேசியார்கள் பத்து வயதுக்காரர்கள்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு கூத்து நடந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று போட்டுவிட்டார்கள். சர்வேசுரனை எனக்கு வேணும், பரிசுத்த ஆவியை எனக்கு வேணும் என்கிற பாவனையில் கடற்கரை முழுக்கப் பிள்ளைகள் ஓதியிருக்கிறார்கள். தவறு தெரிந்ததும், அந்தச் சொல்லுக்கு ஆசைப்படுவது என்று அர்த்தம், மாற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்று தன் துணைவர் மான்சிலாஸுக்குச் சவேரியார் எழுதினார். திருத்தியது சரி. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் ‘எனக்கு வேணும்’ என்பதைவிட நேர்மையான விசுவாசப் பிரமாணம் இருக்க முடியாது என்பது என் கட்சி.

ஊருக்கு ஊர் அவர் நிறுத்திப்போன ஆள்களுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். போர்த்துக்கீசியக் கடிதங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல்லே கொஞ்சம் உருமாறி வருகிறது. அவர்கள் சம்பளத்துக்கு போர்த்துக்கல் ராணி கத்தரீனாளின் காலணிச் செலவுக்காக இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த நாலாயிரம் பணத்தைக் கேட்டு வாங்கினார்.

அதே காலத்துக் கடிதம் ஒன்றில் எனக்குச் சங்கடமான பகுதியும் இருக்கிறது. பெற்றோர் பழைய தெய்வங்களைக் கும்பிடுவதைப் பிள்ளைகள் வந்து சொன்னதையும், பிள்ளைகளையே கூட்டிப்போய் அந்தச் சிலைகளை உடைக்கவிட்டதையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பிரசங்கங்களில் இதை யாரும் சொல்வதில்லை. பெற்றவர்களைப் பிள்ளைகள் காட்டிக்கொடுக்க வைத்தது தவறு என்றே நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகளின் உற்சாகம் பெரியவர் கையில் கிடைத்தால் எதற்கும் ஆகும் என்பதை எந்தத் தியானக் குழுவும் மறக்கக் கூடாது.

பின்னால் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578-ல் கொல்லத்தில் அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது, பதினாறே பக்கம். வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்று ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். இவை பெரியவர்களின் கதை. பிள்ளைகளின் கதை மறுபடி திரும்பியது 1910-ல். அதுவரை பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் புதுநன்மை என்றிருந்ததை மாற்றி, புத்தி தெளியும் ஏழு வயதிலேயே கொடுக்கலாம் என்று பத்தாம் பத்திநாதர் ஆணையிட்டார். அத்தனை சின்னப் பிள்ளைகளை எப்படித் தயாரிப்பது என்ற கேள்வி அதோடு வந்தது.

1974-ல் எனக்கு அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் எரிகிற மெழுகுவர்த்தியை நீட்டி, “விரலை வை பார்ப்போம்” என்றார். யாரும் வைக்கவில்லை. “இதுக்கே பயப்படுறியே, நரகத்துல எப்படி இருப்பே?” என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளை பாவாடையை நனைத்துவிட்டாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இத்தனைக்கும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இளைஞருக்கு இளைஞரே முதல் அப்போஸ்தலர், பிள்ளைகளுக்கும் தங்களுக்கென ஒரு பணி உண்டு என்று 1965-ல் பொதுநிலையினர் பற்றிய ஆணையில் எழுதியும் வைத்திருந்தார்கள். உரோமையில் எழுதியது எங்கள் ஊருக்கு வந்துசேர நாளாயிற்று. சொல்லப்போனால் அதைவிட வேகமாக வேலை செய்தது சி.எஸ்.ஐ. கோயில்களின் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. பக்கத்து ஊரில் பாட்டும் கைதட்டலும் பிஸ்கட்டும் என்று எங்கள் பிள்ளைகளே வேலி தாண்டிப் போனபோதுதான் எங்கள் சாமியார்கள் விழித்துக்கொண்டார்கள்.

எனவே 1985-ல் நாங்கள் ஆறு பேரும் செய்துகொண்ட ஒரே முடிவு, மெழுகுவர்த்தி வேண்டாம் என்பது. பிள்ளைகள் சாமியாரைச் சாமி என்றார்கள், கன்னியரைச் சிஸ்டர் என்றார்கள், எங்களை அக்கா, அண்ணன் என்றார்கள். அந்த ஒரு சொல்லில் பாதி வேலை முடிந்துவிட்டது. கேட்கக் கூச்சமான கேள்வியெல்லாம் எங்களிடம் வந்தது. “அக்கா, நன்மை பல்லுல ஒட்டிக்கிட்டா பாவமா?” குழுவில் ஒருவன் கடலுக்குப் போகிறவன். விடியற்காலை கரையேறி, குளித்தும் போகாத மீன்வாடையோடு வந்து நிற்பான். புயலை ஆண்டவர் அடக்கிய கதையை அவனிடம் விட்டோம். தரையில் கோடு கிழித்து வள்ளம் வரைந்து, அணியத்தில் ஒருவனை, சுக்கானில் ஒருவனை உட்கார வைத்தான். “நீங்களாருந்தா அலை அடிக்கிற நேரத்துல தூங்குறவரை எழுப்புவியளா, மாட்டியளா?” என்று கேட்டான். அந்தக் கதைக்கு அதைவிட நல்ல பிரசங்கம் இன்றுவரை நான் கேட்கவில்லை.

சறுக்கியது என் பங்கில். மூன்றாம் நாள் சாயங்காலம், பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு, ஆளுக்கொரு தாளில் பாவங்களை எழுதச் சொல்லி மண்சட்டியில் போட்டு எரிக்க வேண்டும் என்பது என் திட்டம். எங்கோ கேள்விப்பட்டது. கடற்கரையில் நடத்தினால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். தீ பிடித்ததும் கடல்காற்று ஒரு சுழற்று சுழற்றியது. பாதி கருகிய பாவங்கள் ஊரை நோக்கிப் பறந்தன. பையன்கள் துரத்திப் பிடித்து உரக்கப் படித்தார்கள். ‘ஆத்தா சுருக்குப்பையில் எட்டணா எடுத்தேன்’ என்ற தாள் அந்த ஆத்தாவின் காலடியிலேயே போய் விழுந்தது. பிள்ளை அழுதது. ஆத்தா தாளைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “எனக்குக் கண்ணு தெரியலை, என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தனும் சொல்லப்படாது” என்றாள். மூன்று நாள் நாங்கள் ஆறு பேர் மன்னிப்பைப் பற்றிப் பேசியதெல்லாம் அந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்காது.

இந்த வருஷம் தியானக் குழுவில் இருப்பவர்களில் ஒருத்தி கல்லூரி முதல் வருஷம். அம்மா என்னிடம் படித்தவள். போன வாரம் யோசனை கேட்க வந்தாள். கடலுக்குப் போகிற பையன் ஒருவனைக் குழுவில் சேர்த்துக்கொள், எதையாவது எரிப்பதாக இருந்தால் சமையற்கட்டு அடுப்பில் எரி என்று சொல்லி அனுப்பினேன்.