பால் இல்லாத சைவம்: புதுச்சேரியில் ஒரு தேடல்

'சைவம்' என்று பலகை போட்ட ஓட்டலுக்குள் போய், பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எதுவும் சேராத சாப்பாடு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பரிமாறுகிறவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "பால் சைவம்தானே சார்?" என்பார். அவர் கேட்பதில் தவறில்லை. நம் முன்னோர் சைவம் என்று சொன்னது கொல்லாமையை. பசுவைக் கொல்லாமல் கறக்கிற பாலை அவர்கள் விலக்கவில்லை. நமக்கு அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய சத்திய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கேயும் பேச்சு கொல்லாமை, புலால் மறுத்தல், பசி ஆற்றுதல் பற்றித்தான். பாலை விலக்குவது பற்றி அல்ல.

பாலையும் சேர்த்து விலக்குகிறவர்களை இப்போது 'வீகன்' என்கிறார்கள். தமிழில் 'நனிசைவம்' என்று நல்ல சொல் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஓட்டலில் அதைச் சொன்னால் புரியாது என்பது வேறு விஷயம். வீகன் என்ற ஆங்கிலச் சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் சங்கம் தொடங்கியபோது உண்டானது. 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டிச் செய்தார்கள்.

என்னைப் போலப் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிரெஞ்சில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இரண்டு தனிச் சொற்கள் வந்துவிட்டன. 'வெஜெத்தாரியேன்' என்றால் இறைச்சி உண்ணாதவர். 'வெஜெத்தாலியேன்' என்றால் பால், முட்டை, தேன் எதுவும் தொடாதவர். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு மாட்டுத்தொழுவமே நிற்கிறது.

இந்த இரண்டாவது வகையினர் 1923இல் பாரிஸ் நகரத்தில், பத்தொன்பதாம் வட்டாரத்து ரூ மத்திஸ் என்னும் தெருவில் ஓர் உணவகம் திறந்தார்கள். ஜோர்ஜ் புத்தோ, சோஃபியா சைக்கோவ்ஸ்கா என்ற இருவர் நடத்தியது. பெயரே 'ஃபொய்யே வெஜெத்தாலியேன்'. வேலைக்குப் போகும் ஏழை எளியவர்கள் குறைந்த செலவில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பால் சேர்க்காத சாப்பாடு என்றால் பணக்காரர் மோகம் என்று இன்று நாம் நினைக்கிறோம். அந்த ஊரில் அது தொழிலாளி சாப்பாடாகத்தான் தொடங்கியது. நம் ஊர்க் கதையும் அதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை.

காபிக்கு முன்னால்

காலையில் எழுந்ததும் பால் சேர்ந்த காபி குடிப்பது ஆதிகாலப் பழக்கம் போல நமக்குத் தோன்றும். உண்மையில் அது நூறு ஆண்டுகளைச் சற்றே தாண்டிய பழக்கம். ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி எழுதிய நூலின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. அதற்கு முன் காலை என்றால் நீராகாரம். முதல் நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீர், ஒரு கல் உப்பு, கடிக்க ஒரு சின்ன வெங்காயம்.

வயல் வேலை செய்தவர்கள் வீட்டில் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளச் சோறு. அவற்றோடு கீரைக் கடைசல், புளிக்குழம்பு, துவையல். பால் இருந்த வீடுகளில்கூட அது குழந்தைக்கும் நோயாளிக்கும் விருந்தாளிக்கும்தான். நெய் விற்பனைக்குப் போகும். வெண்ணெய் எடுத்த மோரைக் கேட்டவர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். மோரை விற்பது கேவலம் என்று நினைத்த காலம் அது.

கணக்கைப் பாருங்கள். 1950–51இல் இந்தியாவில் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குக் கிடைத்த பால் சராசரியாக 130 கிராம். 1970 வாக்கில் அது 110 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த ஆண்டுதான் 'வெண்மைப் புரட்சி' என்று நாம் சொல்லும் திட்டம் தொடங்கியது. கிராமத்துக்குக் கிராமம் கூட்டுறவுச் சங்கம், குளிரூட்டும் நிலையம், பாக்கெட் பால் எல்லாம் வந்தன. 2022–23இல் ஒருவருக்கு 459 கிராம். நம் ஊரில் தெருவுக்குத் தெரு பாண்லே பூத் நிற்பதும் இந்தப் பெருங்கதையின் ஒரு பகுதிதான். ஆக, நாம் இன்று 'பாரம்பரியம்' என்று நினைக்கும் பால் மிகுந்த சாப்பாடு, பெரும்பாலான வீடுகளுக்கு நம் ஆயுட்காலத்திலேயே வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கூழ் குடித்தவர்கள் கொள்கைக்காகப் பாலை விடவில்லை. வாங்க வசதி இல்லை, அவ்வளவுதான். கூழுக்குப் பக்கத்தில் கருவாடும் இருந்தது. நம்முடையது மீனவர் கரை. புலால் மறுத்தவர்கள் என்றும் இங்கே சிறுபான்மைதான். இல்லாமை வேறு, மறுத்தல் வேறு. இரண்டையும் குழப்பி 'நம் பாட்டிமார் எல்லாரும் வீகன்' என்று சொன்னால், பாட்டிமாரின் வறுமையை நாம் மறந்தவர்கள் ஆவோம்.

மறுத்தலுக்கு நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் காந்தி. 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். கல்கத்தாவில் மாடுகளைக் கடைசிச் சொட்டு வரை கறக்கச் செய்த கொடுமைகளைப் படித்தது அதற்கு ஒரு காரணம். 1918இல் கடும் நோயில் விழுந்தபோது, "உங்கள் விரதம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே, ஆட்டுப்பாலுக்கு இல்லையே" என்று கஸ்தூரிபா வழி சொல்ல, ஆட்டுப்பால் குடித்தார். உயிர் பிழைத்தும் அந்தச் சமாதானம் அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததைத் தன் சரிதையில் எழுதியிருக்கிறார். 1934 பிப்ரவரியில் அவர் நம் ஊருக்கு வந்தபோது அவருடைய உணவு அந்த ஆட்டுப்பால்தான்.

வெள்ளைக்காரர் தெருவும் ஆரோவில்லும்

பிரெஞ்சுச் சமையல் என்றாலே வெண்ணெய், க்ரேம், சீஸ் என்று எண்ணம். ஆனால் அவர்கள் நமக்கு விட்டுச் சென்றதில் ஒன்று சுத்தமான நனிசைவம்: நீள ரொட்டி, அதாவது பகெத். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். பாரம்பரிய ரொட்டி எப்படி இருக்க வேண்டும் என்று 1993இல் பிரான்சில் சட்டமே போட்டார்கள். அதில் பாலுக்கு இடமில்லை. மாறாக, நாம் சாதுவான பண்டம் என்று நினைக்கும் பன்னிலும் நானிலும் பாலோ தயிரோ வெண்ணெயோ பெரும்பாலும் இருக்கும். க்ருவாஸான் வேண்டாம், அது வெண்ணெயால் எழுப்பிய கட்டடம்.

ஆசிரமத்துச் சாப்பாட்டுக் கூடம் சைவம். ஆனால் பாலும் தயிரும் அங்கே முக்கியம். 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கிய பிறகுதான் இந்த வட்டாரத்துக்குப் பால் வேண்டாம் என்கிற வெளிநாட்டினர் கணிசமாக வந்து தங்கினார்கள். டோஃபுவும் சோயாப் பாலும் அவர்களோடு வந்தன. அங்குள்ள சாலிட்யூட் பண்ணையில், தோட்டத்தில் விளையும் கீரை, வாழைத்தண்டு, பப்பாளிக்காய், சிறுதானியம் இவற்றையே சமைத்துப் போடுகிறார்கள். 'ஷரண்' என்ற அமைப்பை நிறுவிப் பால் சேராத உணவை நோயாளிகளுக்குக் கற்பித்துவரும் டாக்டர் நந்திதா ஷாவும் ஆரோவில்லில் இருப்பவர். அவருக்கு 2016ஆம் ஆண்டுக்கான 'நாரி சக்தி' விருதைக் குடியரசுத் தலைவர் வழங்கினார்.

இப்படிப்பட்ட கஃபேக்கள் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வெள்ளை நகரத்துத் தெருக்களிலும் உண்டு. சுவைக்குக் குறை சொல்ல முடியாது. விலை மட்டும் நம் ஓய்வூதியத்தைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு காலத்தில் ஏழை என்று காட்டிவிடுமோ என்று நாம் மறைத்துக் குடித்த கூழ், அங்கே மண்சட்டியில், மேலே ஒரு பூ வைத்து வருகிறது.

கேட்டு வாங்க வேண்டியவை

பிரான்சில் வளரும் என் பேத்தி மூன்று ஆண்டுகளாகப் பால் பொருள் எதையும் தொடுவதில்லை. சென்ற முறை வந்தபோது ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், இலையில் பருப்புக்கு மேல் நெய் விடக் கை நீட்டியவரிடம் "வேண்டாங்க" என்றாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நெய்யை மறுப்பது விருந்தை மறுப்பது போலத்தானே நமக்கு! அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "தாத்தா, நான் அவங்களை அவமதிக்கலையே?" என்று என் காதில் கேட்டாள். சொந்த ஊரில் ஒரு பெண் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கூச்சப்படக் கூடாது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. முப்பது வருடம் கோப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? கடை கடையாய்க் கேட்டுப் பட்டியல் போட்டேன்.

தாராளமாகச் சாப்பிடக்கூடியவை: இட்லி, எண்ணெயில் சுட்ட சாதா தோசை, உளுந்து வடை, மசால் வடை, பூரிக் கிழங்கு, தேங்காய்ப் பாலுடன் இடியாப்பம் அல்லது ஆப்பம், புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், கடற்கரையில் விற்கும் சுண்டல். இனிப்புக்குக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை. குடிக்க இளநீர், பதநீர், சுக்குக் காபி. எல்லாம் சாதாரணக் கடையில், சாதாரண விலையில்.

கேட்டு வாங்க வேண்டியவை: வெண்பொங்கலில் நெய் உண்டு. ரவா தோசை மாவில் சிலர் மோர் கலப்பார்கள். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேரலாம். சாம்பாரிலும் ரசத்திலும் சில ஓட்டல்களில் நெய்த் தாளிப்பு. சப்பாத்தியை எடுத்ததும் மேலே நெய் தடவும் பழக்கம் உண்டு. சட்னியில்கூடச் சிலர் தயிர் கலப்பதுண்டு. பச்சடி, அவியல், மோர்க்குழம்பு சொல்லவே வேண்டாம்.

கேட்கும் முறையும் முக்கியம். 'வீகன்' என்றால் யாருக்கும் புரியவில்லை. 'பால் சேர்த்தால் ஒத்துக்காதுங்க, நெய்யும் தயிரும் வேண்டாம்' என்றால் உடனே புரிகிறது. மாஸ்டரிடம் போய்க் கேட்டும் வருகிறார்கள். பொய்யும் இல்லை. நம் தென்னிந்தியரில் பலருக்கு வளர்ந்த பிறகு பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. நம் வயதில் இரவு பால் குடித்துவிட்டு வயிறு உப்பி விழித்திருக்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாக்கெட்டில் வருகிற பண்டங்களில் பச்சைப் புள்ளியை நம்ப வேண்டாம். அந்தச் சின்னம் பாலை அனுமதிக்கிறது. முழுவதும் தாவரப் பொருளுக்கென்று 2022இல் தனி விதி வந்தது. அதன் சின்னம் பச்சை நிற 'வி' எழுத்து, தலையில் ஒரு சிறு செடி. ஓட்டல் தட்டுக்கு அப்படிச் சின்னம் எதுவும் இல்லை, வாய்தான் துணை.

மறுபக்கமும் உண்டு. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்தில் இரண்டு மாட்டை வைத்துப் பிள்ளைகளைக் கல்லூரி வரை படிக்க வைத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் சங்கத்தில் ஊற்றுகிற பாலைப் பாவம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. பாலை விட்ட பிள்ளையும் பாலை விற்ற தாயும் ஒரே பந்தியில் உட்கார இடம் வேண்டும்.

அதற்குப் பெரிய செலவில்லை. ஓட்டல்காரர்கள் விலைப்பட்டியலில் 'பால், நெய், தயிர் சேராதவை' என்று ஒரு தலைப்பு போட்டு, தினமும் செய்கிற பத்துப் பண்டங்களை அதன் கீழே எழுதினால் போதும். புதிதாக எதையும் சமைக்க வேண்டாம். கல்யாண வீட்டில் நெய்க் கிண்ணத்தோடு வருகிறவர், விடுவதற்கு முன் "விடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். வீட்டில் நாம் கூழையும் துவையலையும் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கும்போது, அது எந்தப் பஞ்சத்தில் நம்மைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். அந்தக் கதை எந்தக் கஃபேயிலும் கிடைக்காது.