சத்திரமும் கல்விச்சாலையும்

திருச்சியிலிருந்து திருவரங்கம் செல்வோர் 'சத்திரம்' நிலையத்தில் பேருந்து ஏறுகிறோம். நாள்தோறும் நம் நாவில் புரளும் அச்சொல், வழிப்போக்கருக்குச் சோறும் நிழலும் தந்த ஓர் அறத்தின் பெயர். முசாபர்கானா என்று நம்மவர் வழங்கியதும் அதுவே. திருச்சியிலிருந்து ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். 1701-இல் நத்ஹர் வலி தர்காவுக்கு நிலமானியமும் வழங்கினார்.

சத்திரம் கல்விச்சாலையான வரலாற்றைக் காணத் தஞ்சையைக் கடந்து ஒரத்தநாடு செல்ல வேண்டும். யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல் அமைந்த முத்தாம்பாள் சத்திரம் அங்கே உள்ளது. தம் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரால் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பியது அது.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியாரிடம் சென்றது. சத்திரங்களையேனும் தம்மிடம் விட்டுவிடுமாறு 1801-இல் ரெசிடெண்டுக்கு மன்னர் எழுதினார். இராமேசுவரம் செல்லும் பயணிகளுக்குச் சாதி பாராமல் உணவு, சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசி, நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவரை அழைத்து உணவிடல், குழந்தைக்குப் பால், நோயாளிக்கு மருத்துவர், பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்று அங்கு நடந்த அறங்களை அக்கடிதம் விவரிக்கிறது. சோற்றுடன் கல்வியும் அன்றே அங்கு இடம்பெற்றிருந்தது.

1855-இல் மன்னர் மரபின் ஆட்சியுரிமை முடிந்தது. சத்திரங்கள் அரசிடம் சென்று, பின்னர் மாவட்டக் கழகத்தின் பொறுப்பில் வந்தன. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் மாணவர் விடுதிகள் நடந்தன. ஆனால் எல்லார்க்கும் சோறிட்ட அறத்தின் பயன், பிராமண மாணவர்க்கே உரியதாகக் குறுகிப்போயிற்று. 1920-களில் கழகத் தலைவராயிருந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம் அவ்விடுதிகளை மற்ற வகுப்பு மாணவர்க்கும் திறந்துவிட்டார். வடமொழிக்கே இருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் கற்பிக்கச் செய்தார். அவர் கிறிஸ்தவர், இந்து மன்னரின் கொடையை அதன் முதல் நோக்கத்திற்கே மீட்டுத் தந்தார்.

அறம் செய்தவர் மறைந்தபின் கட்டடம் நிற்கும். நோக்கம் நிற்பது, பொறுப்பேற்றவர் கையில் உள்ளது. நம் ஊர்களிலும் முசாபர்கானாக்களுக்கும் மதரஸாக்களுக்கும் முன்னோர் எழுதிவைத்த வக்ஃபுப் பத்திரங்கள் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றை எடுத்துப் படிப்போம். யாருக்கென்று எழுதினார்களோ அவர்களிடம் அது சென்று சேர்கிறதா என்று பார்ப்போம்.