இறுக்கமும் நுனியும்: சென்னையின் மேற்குப் புறநகரில் முக்கோணத்தின் வரலாறு

முன்னுரை

முத்தாபுதுப்பேட்டையில் மனை வாங்கப் போகிறவர் பத்திரத்தையும் பட்டாவையும் பார்த்த பிறகு புலப்படத்தைக் கேட்பார். எஃப்.எம்.பி. என்று சர்வேயர்கள் சொல்லும் அந்தத் தாளில் மூலைக்கு மூலை கோடுகள் ஓடி, நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துக் காட்டும். அந்த மனைக்குப் போகும் சாலையில் வளைவை எச்சரிக்கும் பலகையும் முக்கோணம்தான். பூந்தமல்லிக்கு அருகே மாங்காட்டில் வழிபடப்படும் சக்கரமும் முக்கோணங்களால் ஆனதே.

நில அளவைக்கும் வழிபாட்டுக்கும் சாலை விதிக்கும் ஒரே வடிவம் பொருந்தியது எப்படி? அதன் இரண்டு பண்புகளில் விடை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒன்று இறுக்கம்: மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் முக்கோணம் வேறு வடிவத்துக்கு நெளியாது. மற்றொன்று நுனி: அது மேல் நோக்குகிறதா, கீழ் நோக்குகிறதா என்பது பார்த்ததும் தெரியும். முதல் பண்பு அளவையையும் கட்டுமானத்தையும் வளர்த்தது. இரண்டாவது, சமயக் குறியீட்டிலும் பொதுச் சின்னங்களிலும் பயன்பட்டது.

மாங்காடு: நுனியின் பொருள்

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலில் உள்ள அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தை ஆதிசங்கரர் நிறுவியதாகத் தல மரபு கூறுகிறது. மூலிகைக் கலவையால் ஆனது என்பதால் அதற்கு அபிஷேகம் இல்லை, குங்கும அர்ச்சனைதான். ஸ்ரீசக்கரத்தின் அடிப்படை, ஒன்றையொன்று ஊடறுக்கும் ஒன்பது பெரிய முக்கோணங்கள். மேல்நோக்கும் நான்கு சிவனையும், கீழ்நோக்கும் ஐந்து சக்தியையும் குறிப்பதாகக் கொள்வது மரபு. இவை வெட்டிக்கொள்ளும்போது 43 சிறு முக்கோணங்கள் உருவாகின்றன.

இங்கே பக்க நீளம் பொருள் தருவதில்லை, நுனியின் திசைதான் தருகிறது. முருக வழிபாட்டின் அறுகோணச் சக்கரத்திலும் இரு முக்கோணங்கள் எதிரெதிராகப் பின்னியிருக்கின்றன. 

பரங்கிமலை: முதல் பக்கம்

இறுக்கம் என்ற பண்பை அரசு பெரிய அளவில் பயன்படுத்திய களமும் சென்னையே. அதற்கு முன்னோடியாக, 1792இல் மதராஸ் வானியல் ஆய்வகம் எழும்பியது. 1794இல் அளவையாளர் மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களோடு சர்வே பள்ளி தொடங்கினார். அதன் வழிவந்ததே கிண்டிப் பொறியியல் கல்லூரி. 1802 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாள் ஆனது.

தரையில் சங்கிலி பிடித்து அளக்கும் வேலை அந்த ஒரு கோட்டோடு பெரும்பாலும் முடிந்தது. ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கணக்கிட்ட பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு ஆதாரமாகும். கோணம் அளக்கச் சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மலைகளிலும் கோபுரங்களிலும் ஏற்றப்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சேதமடைய, லாம்ப்டன் தாமே வாரக்கணக்கில் உட்கார்ந்து சீர்செய்தார்.

பள்ளிப் பாடத்தில் முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகை ஆகும். பூமியின் வளைந்த பரப்பில் அதைவிடச் சற்று மிகும்: ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை (பாகையின் 3600இல் ஒரு பங்கு). மிகச் சிறிய இந்த மிகையையும் அளவையாளர்கள் கணக்கில் சேர்த்தார்கள். மதராஸிலிருந்து மங்களூர் வரை முக்கோணங்களைத் தொடுத்தபோது, பழைய வரைபடங்கள் 400 மைல் என்று காட்டிய தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது. 1818இல் மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்ற இப்பணி பின்னர் இமயம் வரை சென்றது.

மலையிலிருந்து மனைக்கு

லாம்ப்டனின் முக்கோணம் நாட்டைப் படமாக்கியது; வரி போடுவதற்கு வயலை அளக்க வேண்டியிருந்தது. மதராஸ் மாகாணத்தின் வருவாய் நில அளவை 1858 முதல் நடந்தது. இன்றைய நில அளவையின் சட்ட அடித்தளம் 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம்.

புலப்படம் தயாரிக்கும் முறை எளியது. வயலின் மூலைகளுக்கிடையே நேர்கோடு பிடித்து, எல்லை வளையும் இடங்களுக்கு அக்கோட்டிலிருந்து செங்குத்தாகக் குறுக்களவு எடுப்பார்கள். எவ்வளவு கோணலான வயலும் முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் உடைந்துவிடும். முக்கோணத்தின் பரப்பு, அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி. இன்றும் மனை பேசுவோர் வாயில் புழங்கும் சென்ட், 66 அடிச் சங்கிலியின் வழிவந்தது: சங்கிலிக்கு 100 கண்ணி, சென்டுக்கு ஆயிரம் சதுரக் கண்ணி, அதாவது 435.6 சதுர அடி. ஏரிப்பாசன வயல்கள் லே-அவுட்டுகளாக மாறிய மேற்குப் புறநகரில், வரப்பு அழிந்த பின்னும் அதன் கோணலைக் காட்டுவது இந்தத் தாள்தான்.

கொட்டகையும் வானமும்

நான்கு கம்பிகளை மூலையில் ஆணியடித்துச் சதுரமாக்கித் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு கம்பி வைத்தால் இரண்டு முக்கோணமாகி அசையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கொட்டகைக் கூரையைத் தாங்கும் டிரஸ், வயல்களைத் தாண்டிச் செல்லும் உயரழுத்த மின்கோபுரம் ஆகியவற்றின் உறுதிக்கு இதுவே காரணம்.

முத்தாபுதுப்பேட்டை விமானப்படை நிலையம் உள்ள ஊர். விமானிகளின் தொடக்கப் பாடங்களில் ஒன்று காற்று முக்கோணம். விமானம் நோக்கும் திசையும் வேகமும் ஒரு பக்கம், காற்றின் திசையும் வேகமும் இரண்டாம் பக்கம். இவ்விரண்டும் தெரிந்தால், தரையை வைத்துப் பார்க்கையில் விமானம் உண்மையில் செல்லும் பாதை மூன்றாம் பக்கமாகக் கிடைக்கும்.

பொதுச் சின்னம்

1960களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சின்னமாகத் தலைகீழ் சிவப்பு முக்கோணம் நாடெங்கும் சுவர்களில் ஏறியது. எழுத்தறிவு குறைந்த நாட்டில், படிக்கத் தேவையில்லாத ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. சாலை விதியிலும் நுனியே பேசுகிறது: மேல்நோக்கினால் எச்சரிக்கை, கீழ்நோக்கினால் பிற வண்டிக்கு வழிவிடு. அண்மைய எடுத்துக்காட்டு உணவுப் பொட்டலம். அசைவத்தைக் குறித்த பழுப்பு வட்டம் 2020ஆம் ஆண்டு விதிகளால் பழுப்பு முக்கோணமானது. நிறக்குறைபாடு உள்ளவருக்குப் பச்சை வட்டமும் பழுப்பு வட்டமும் ஒன்றாகத் தெரியலாம். முக்கோணமும் வட்டமும் அப்படி ஒன்றாகத் தெரியாது.

முடிவுரை

இரு பண்புகளும் இரு வேறு வழிகளில் வளர்ந்தவை. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததற்கு இங்கே கண்ட சான்றுகளில் இடமில்லை. ஸ்ரீசக்கரத்தில் நில அளவையைத் தேடுவதும், புலப்படத்தில் மறைபொருளைத் தேடுவதும் வீண். இவற்றுள் நம் அன்றாடத்தை நேரடியாகத் தொடுவது இறுக்கத்தின் வழி. பத்திரத்தில் எழுதிய சதுர அடியும் தரையில் நட்ட கல்லும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் புலப்படத்தைக் கொண்டே சரிபார்க்க முடியும். அந்தத் தாளைப் படிக்க அரைமணி நேரமும் ஏழாம் வகுப்புக் கணக்கும் போதும். மனை வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்க வேண்டும்.