குமரி மாவட்டத்தின் மூன்றாம் மழைக்காலம்: கோடை இடிமழை, வெள்ளம், புழுக்கம்

முன்னுரை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவம் தருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் இந்தக் கணக்கு மாறிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் கிட்டத்தட்டச் சம அளவில் மழை தருகின்றன. மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை ஆண்டு மழையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தமிழ் மரபு முதுவேனில் என வகுத்த ஆனியும் ஆடியும் இங்கே மழை மாதங்கள். தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்தவர்கள் இந்த ஒரு மாவட்டத்தை ‘அதிக மழை மண்டலம்’ என்று தனியே நிறுத்தியதற்குக் காரணம் இதுவே.

பருவகால வானிலை முன்னறிவிப்பில் இந்தத் தனித்தன்மை கரைந்துபோகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 36 உட்பிரிவுகளில் குமரியும் இராமநாதபுரமும் ஒரே உட்பிரிவில் அடங்குகின்றன. அன்றாட எச்சரிக்கை மாவட்ட அளவில் வருகிறது. ஆனால் உழவரும் மீனவரும் நீர்வளத் துறையினரும் மூன்று மாதத்தை முன்கூட்டித் திட்டமிட உதவும் முன்னறிவிப்பு பெரும்பரப்புக்கு உரியதாகவே இருக்கிறது. கோடை மழையை இரு பருவங்களுக்கு நடுவே விழும் உதிரி மழையாகக் கருதும் வழக்கம் குமரிக்குப் பொருந்தாது, அதை மூன்றாவது மழைக்காலமாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அக்காலத்தின் இடிமழையையும் வெள்ளத்தையும் புழுக்கத்தையும் சேர்த்து எடைபோட்டு, ஆற்றுப்படுகை வாரியாக முன்னறிவிப்பு வகுக்கப்பட வேண்டும்.

மலையும் கடலும் கூட்டும் மழை

பங்குனி, சித்திரையில் காலை வெயில் தரையைச் சூடாக்குகிறது. முற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைகிறது. மேற்கே அரபிக்கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல், கிழக்கே மன்னார் வளைகுடா எனக் கடலை ஒட்டிய நிலமாதலால் ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரக்காற்று மகேந்திரகிரி முதல் பேச்சிப்பாறை, கோதையாறு மலைகள் வரையிலான சரிவில் ஏறும்போது பிற்பகலில் இடிமேகம் திரள்கிறது. உள்நாட்டிலிருந்து தென்முனை வரை நீளும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி அமைந்துவிட்டால் இடிமழை நாள்தோறும் தொடரும். குமரிக்கடலில் மேலடுக்குச் சுழற்சி உருவானால் மழை இரவுக்கும் நீளும்.

இவ்வகை மழை பரப்பில் குறுகியது, வேகத்தில் பெரியது. திற்பரப்பில் கொட்டும் மழை தோவாளைக்கு எட்டாமலே போகலாம். மாவட்டத்தின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே ஆண்டு மழையில் உள்ள வேறுபாடும் பெரிது. மேற்கே குலசேகரத்தைச் சுற்றி ரப்பர் தழைக்கிறது. கிழக்கே முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இந்த நிலத்துக்கு ஒரே சராசரியைச் சொல்வது இரு பக்கத்தாருக்கும் பயன்படாது.

மின்னலின் ஆபத்தையும் குறைத்து மதிப்பிடலாகாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தனர். இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. வயலிலும் விளையிலும் கடலிலும் திறந்த வெளியில் பாடுபடுவோரே இதற்கு முதலில் இலக்காகிறார்கள்.

கன்னிப்பூவின் கணக்கு

நாஞ்சில் நாட்டு நெல் வேளாண்மைக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம். கும்பப்பூ அறுவடை மாசி, பங்குனியில் நடக்கும். அப்போது விழும் முதல் கோடை மழை கதிரைச் சாய்த்து நெல்லை ஈரமாக்கும். அதே மழை சில வாரம் கழித்து வந்தால் கன்னிப்பூவுக்கு உழவடிக்க உதவும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைப் பாசனத்துக்குத் திறப்பது வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி. அதற்கு முந்தைய வாரங்களில் விதைப்பதா, பொறுப்பதா என்ற முடிவு கோடை மழையைத்தான் சார்ந்திருக்கிறது.

நெல்லுக்கு அப்பால் ஏத்தன் வாழையும் ரப்பரும் இம்மாதங்களின் காற்றுக்கும் மழைக்கும் ஆட்பட்டவை. குலை தள்ளிய வாழையை இடிமழைக்கு முன்வரும் சூறைக்காற்று ஒரு மாலைப்பொழுதில் சாய்த்துவிடும். மரம் நனைந்திருந்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும். எனவே மொத்த மழை இயல்பு அளவா, கூடுதலா என்ற செய்தி இங்கே பாதி விடைதான். எந்த வாரத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் என்பதே விளைச்சலை முடிவுசெய்கிறது.

2021 மே கற்பித்தது

கோடை மழை வெள்ளமாகவும் மாறும் என்பதற்கு 2021 மே மாதம் சான்று. அம்மாத நடுவில் அரபிக்கடலில் உருவான டவ்தே புயல் மே 17-இல் குஜராத்தில் கரை கடந்தது. மே 26-இல் யாஸ் புயல் ஒடிசாவில் பாலசோருக்குத் தெற்கே கரை கடந்தது. இரண்டும் குமரியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தரையேறியவை. ஆயினும் யாஸ் ஈர்த்த மேற்குக் காற்று அரபிக்கடல் ஈரத்தை மலைச்சரிவில் கொண்டுவந்து குவித்தது. மாவட்டம் முழுவதும் கனமழை கொட்டியது. அணைகளிலிருந்து உபரிநீர் வெளியேற்றப்பட்டது. குழித்துறை ஆற்றின் கரையோரத் தாழ்விடங்களில் நீர் புகுந்தது. புயல் எங்கே கரை கடக்கும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இத்தகைய வெள்ளம் கண்ணில் படாது.

அவ்வாண்டு நவம்பரிலும் வெள்ளம் வந்து நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையைத் துண்டித்தது. மழையின் அளவு மட்டுமே இதற்குக் காரணம் எனச் சொல்ல முடியாது; நீர் செல்லும் வழி மாறியதும் காரணம். பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே பாண்டியன் அணை பரளியாற்று நீரைப் பழையாற்றுப் படுகைக்குத் திருப்பி, நாஞ்சில் நாட்டை வளப்படுத்தியது. அணை, சானல், குளம், மடை, மறுகால், கடைசியில் மணக்குடிக் கழிமுகம் என்று நீர் செல்லும் வழி தொடர்ச்சியாக அமைந்திருக்கிறது. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் வழியே அடுத்த குளத்துக்குப் போகும். ஏலாக்கள் எனப்படும் வயல்வெளிகள் வீட்டுமனைகளாகவும், குளங்கள் தூர்ந்த பள்ளங்களாகவும், சில இடங்களில் நான்குவழிச் சாலையின் கரையாகவும் மாறியபின், அதே அளவு மழை முன்பு தங்கிய இடத்தில் இப்போது தங்குவதில்லை. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்தையும் வேம்பனூர் ஈரநிலத்தையும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தோம். பறவைகளுக்காக நாம் கொண்டாடும் அக்குளங்கள் வெள்ளத்தைத் தாங்கும் கலங்களும் ஆகும். வெள்ள முன்னறிவிப்பு அவற்றின் கொள்ளளவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெப்பமானியில் பதியாத வெப்பம்

சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37 டிகிரி, அத்துடன் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதல் என்ற அளவை எட்டினால் வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. கடற்காற்று தணிக்கும் குமரியில் இந்த எல்லை தொடப்படுவது அரிது. 2025 மார்ச்–மே காலத்துக்கான முன்னறிவிப்பில், நாட்டின் பெரும்பகுதியில் வெப்ப அலை நாட்கள் கூடும் என்று சொன்ன துறை, தீபகற்பத்தின் தென்பகுதிகளுக்கு விலக்களித்தது. வரையறைப்படி அது சரியே.

ஆயினும் மனித உடல் வரையறையைப் பார்த்து வெப்பத்தை உணர்வதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் பகலின் களைப்பு மறுநாளுக்கும் தொடரும். புத்தளம் உப்பளத்திலும் ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் உழைப்பவர்களுக்கு 34 டிகிரியும் ஈரமும் சேர்ந்த பகல், வறண்ட ஊரின் 39 டிகிரிப் பகலைவிடக் கொடியதாக முடியும். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது பாராட்டத்தக்கது. குமரியின் உழைப்பாளிக்கு அதன் பயன் முழுமையாகச் சேர, ஈரப்பதமும் இரவு வெப்பமும் அளவுகோலில் இடம்பெற வேண்டும்.

புழுக்கமும் இடிமழையும் வேரில் ஒன்றே. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்க இயலும். பகலில் உடலை வாட்டும் ஈரம், மாலையில் மேகமாகி அதே ஊரில் கொட்டுகிறது. வெப்பத்துக்கு ஓர் அறிக்கை, மழைக்கு வேறோர் அறிக்கை என்று பிரிப்பது இந்த உறவை மறைத்துவிடுகிறது.

மறுப்பும் விடையும்

இடிமேகம் சில கிலோமீட்டர் பரப்பில் சில மணி நேரமே வாழ்வது. அதை மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல முடியாது என்று வானிலையாளர் மறுக்கலாம். ஒவ்வொரு மழையையும் முன்கூட்டிச் சொல்ல இக்கட்டுரை கேட்கவில்லை. ஒவ்வொரு படுகையிலும் கனமழைக்கான வாய்ப்பு எந்த வாரங்களில் கூடுதல், அணையில் அப்போது எவ்வளவு இடம் இருக்கும், குளங்கள் எவ்வளவு தாங்கும் என்ற மூன்றையும் இணைத்துச் சொல்வது இன்றைய அறிவுக்கு எட்டியதே. எச்சரிக்கை பெருகினால் மக்கள் அலட்சியம் கொள்வார்கள் என்பது இன்னொரு மறுப்பு. மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறத்தில் எச்சரிக்கை விடுத்து, பாதி இடத்தில் வெயில் அடிக்கும்போதுதான் அலட்சியம் பிறக்கிறது. இடத்தைக் குறுக்கிச் சொன்னால் நம்பிக்கை கூடும்.

ஆகவே கோதையாறு, வள்ளியாறு, பழையாறு ஆகிய படுகைகளுக்கும் கடற்கரைக்கும் தனித்தனியே கோடைக்கால முன்னறிவிப்பு வேண்டும். 2025-இல் தென்மேற்குப் பருவம் மே 24-ஆம் தேதியே கேரளத்தில் தொடங்கியது. இயல்பான நாள் ஜூன் 1. இப்படி நாள் முன்னேறும் ஆண்டுகளில் அணைத் திறப்பும் வெள்ளத்துக்கென அணையில் விடும் இடமும் நாட்காட்டியை விட்டு முன்னறிவிப்பைத் தழுவ வேண்டும்.

கடலுக்குத் தனிக் கவனம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதத்தில் கிழக்குத் தடைக்கு உட்பட்ட சின்னமுட்டத்து விசைப்படகுகள் கரையில் நிற்க, மேற்குத் தடைக்கு உட்பட்ட குளச்சல் படகுகள் ஆழ்கடலில் இருக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களை எச்சரிக்கை எட்டாததன் விலையை இந்த மாவட்டம் அறியும். தொலைதூரக் கடலில் எழும் பேரலை அமைதியான நாளில் கரையேறும் கள்ளக்கடல் ஆபத்தும் இம்மாதங்களுக்கு உரியதே. 2024 மே 6-இல் கணபதிபுரம் அருகே மருத்துவ மாணவர் ஐவர் கடலுக்குப் பலியானார்கள். கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. அறிவிப்பு வெளியாவதோடு கடமை முடிவதில்லை; கடற்கரையில் நிற்பவரிடம் அது போய்ச் சேர வேண்டும்.

முடிவுரை

குமரியின் கோடை மழை விதைப்பையும் அணையின் நீர்மட்டத்தையும் மே மாத வெள்ளத்தையும் முடிவுசெய்கிறது. புழுக்கம் அதே ஈரத்தின் பகல்நேர விளைவு. இவற்றை வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கோப்புகளில் வைத்திருக்கும்வரை எச்சரிக்கை பிந்தியே வரும். வானிலைத் துறை, நீர்வளத் துறை, வேளாண்மைத் துறை, மீன்வளத் துறை, சுகாதாரத் துறை ஆகியவை பிப்ரவரி முடிவதற்குள் கூடி அமர்ந்து, மார்ச் முதல் மே வரையிலான படுகைவாரியான அறிக்கை ஒன்றைத் தமிழில் வெளியிட வேண்டும். இந்த மாவட்டத்தின் அளவு சிறியதாக இருப்பதால் இம்முயற்சியைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடமும் தமிழ்நாட்டில் இல்லை.