கரண்டுக்கு முன்னே வந்த கேம்

திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் கேம் விளையாட்டின் வரலாற்றை எழுதுவதென்றால் பற்றரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1990இல் மறுபடி போர் மூண்ட பிறகு, அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே கிடந்த எங்கள் பக்கத்துக்குப் பற்றரி, டீசல், பசளை, சீமெந்து எதுவும் தாராளமாக வராது. சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். இரண்டு சின்னப் பற்றரி இருந்தால் அது வீட்டின் சொத்து. றேடியோவில் செய்தி கேட்டுத் தேய்ந்ததை வெயிலில் காயவைத்து இன்னும் ஓரிரு நாள் இழுப்போம். அப்படியான காலத்தில்தான் எங்கள் ஒழுங்கைக்கு முதல் கேம் வந்தது. உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம், மேலிருந்து கட்டைகள் விழும் ‘பிறிக் கேம்’. மூதூரில் வியாபாரம் செய்த உறவுக்காரர் ஒருவர் தன் மகனுக்கு வாங்கி வந்தது.

அந்தக் கட்டை விளையாட்டின் மூலம் ரெட்ரிஸ். 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற ஆராய்ச்சியாளர் தன் வேலையிடத்துக் கணினியில் எழுதியது. அந்தக் கணினிக்குப் படம் வரையவே தெரியாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் அவர் கட்டை செய்தார். சீனத் தொழிற்சாலைகள் அதை மலிவுப் பெட்டிகளில் அடைத்து உலகம் முழுக்க விற்றபோது, மின்கம்பம் இல்லாத எங்கள் ஒழுங்கைக்கும் அது வந்து சேர்ந்தது. செய்தி கேட்க வேண்டிய அப்பாமாருக்கும் கட்டை அடுக்க வேண்டிய எங்களுக்கும் அதே இரண்டு பற்றரிதான். பின்னேரம் ஆறு மணிச் செய்திக்கு முன்னர் பற்றரியைக் கழற்றி றேடியோவுக்குள் போட்டுவிட வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் சட்டம்.

இன்று நான் ஈச்சிலம்பற்றில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கொழும்பில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் கடை வாங்கிலில் இருந்து ஒரே விவாதம்: போன் வந்து கொன்சோலையும் கணினியையும் ஒழித்துவிடுமா, முறையான கேம் விளையாடப் போன் காணுமா? நல்ல கேள்விதான். ஆனால் அது கொன்சோலும் கணினியும் முதலே இருந்த வீடுகளில் பிறந்த கேள்வி. எங்கள் ஊரில் போன் எதையும் ஒழிக்கவில்லை. ஒழிக்க இங்கே ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வரலாற்றைப் பார்த்தால்தான் போனால் எது முடியும், எது முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

படக்காட்சி இரவுகளைச் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா முடிந்தாலோ, பெண்பிள்ளை பெரியபிள்ளையானாலோ, ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றர் வளவின் மூலையில் இரையும். இரண்டு படத்துக்கு நடுவில், டெக்காரர் மனம் வைத்தால், ரி.வி. கேமைக் கொழுவிவிடுவார். 1983இல் யப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட பெட்டியின் அச்சான நகல் அது. உள்ளே மரியோவும், தாங்கிகள் ஒன்றையொன்று சுடும் ‘பற்றில் சிற்றி’யும் இருந்தன. கன்ட்றோலர் இரண்டு, சுற்றிவர ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும். ஒருவன் செத்தால் அடுத்தவன் கைக்குப் போக வேண்டும். எண்ணெய் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. விளையாடிய நேரத்தைவிட விளையாடுபவனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த நேரம்தான் அதிகம். ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு காளானும் எங்கே வரும் என்று, ஒருநாளும் கன்ட்றோலரைத் தொடாத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்தது. தடைகள் தளர்ந்தன, தொண்டு நிறுவனங்கள் வந்தன, அவற்றோடு கணினியும் வந்தது. பயிற்சி நிலையம் ஒன்றில் வைத்திருந்த கணினியில் தட்டச்சுப் பழகப் போனவர்களில் நானும் ஒருவன். ஆசிரியர் வெளியே போனால் பின்போல் பந்து உருளும். அந்தக் கணினிக்கும் ஜெனறேற்றர்தான் உயிர். ஒரு மணித்தியாலப் பாடத்துக்கு எவ்வளவு எண்ணெய் என்று அளந்து ஊற்றினார்கள். கணினி என்பது எண்ணெய் குடிக்கும் பொருள் என்ற எண்ணம் என் தலைமுறைக்கு இன்னும் போகவில்லை.

2004 டிசம்பரில் கடல் வந்தது. 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு மறுபடி போர் வந்தது. ஊர் முழுவதும் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கு ஓடியது. அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கு. அந்த ஓட்டத்தைப் பற்றி இங்கே விரித்து எழுத நான் விரும்பவில்லை. ஒன்றைமட்டும் குறிக்க வேண்டும். எங்கள் பொடியன்கள் பிளேஸ்டேசனை முதன்முதலில் கண்டது இடம்பெயர்ந்து போன மட்டக்களப்பு நகரத்தில்தான். மணிக்கணக்குக்குச் சல்லி வாங்கும் கேம் கடைகள் அங்கே இருந்தன. 2000இல் வந்த இரண்டாம் பிளேஸ்டேசன், கண்ணாடித் தடுப்பு, கறுப்புத் திரைச்சீலை. நிவாரண வரிசையில் தாயோடு நின்ற பிள்ளை கிடைத்த சில்லறையை அங்கே கொண்டுபோய்க் கொடுத்து அரை மணித்தியாலம் பந்து அடித்துவிட்டு வரும். யாரும் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லக்கூடாது. தகரக் கொட்டிலுக்குள் நாள் முழுக்க இருந்தவர்களுக்கே அந்த அரை மணித்தியாலம் என்னவென்று தெரியும்.

2007இல் ஊர் திரும்பினோம். வீடு இல்லை, கரண்ட் இல்லை, ஆனால் மடியில் நொக்கியா 1100 இருந்தது. உலகில் 25 கோடிக்கு மேல் விற்ற போன். அதன் தலையில் இருந்த ரோர்ச் வெளிச்சத்துக்காகவே எங்கள் ஆட்கள் அதை வாங்கினார்கள். யானை வரும் வழியில் இரவில் நடக்க அது வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்திலும் அதில் பாம்பு விளையாட்டு ஓடியது. இப்படித்தான் எங்கள் ஊரில் போன் பேச்சுக்கு முன்பே வெளிச்சமும் விளையாட்டுமாக நுழைந்தது. பிறகு கோபுரங்கள் வந்தன, மின்கம்பங்கள் வந்தன. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. கங்கைத்துறையிலும் வெருகலிலும் பாலங்கள் எழும்பின. பாதைப் படகு வரும்வரை ஆற்றங்கரையில் நின்று காத்திருந்த பயணம், திருகோணமலைக்கு ஒரே பஸ்ஸில் போய்வரும் பயணமானது. கடைச் சாமான் எடுக்க வசதி வந்ததும்தான் நான் கடை போட்டேன்.

தொடக்கத்தில் என் தொழில் பாட்டு ஏற்றுவது. மெமரி காட்டைக் கொண்டுவந்து தருவார்கள். பாட்டும் படமும் கேமும் நிரப்பிக் கொடுப்பேன். சாம்சங் ஜே வரிசைப் போன்கள் ஊருக்குள் வந்தபோது அந்தத் தொழில் தளர்ந்தது. 2017இன் கடைசியில் ஃபிரீ ஃபயரும் 2018இல் பப்ஜியும் போனுக்கு வந்தன. பப்ஜிக்கு நல்ல போன் வேண்டும். நூறு பேர், அரை மணித்தியாலம் பிடிக்கும் ஆட்டம். ஃபிரீ ஃபயரில் ஐம்பது பேர், பத்து நிமிடம்; மலிவுப் போனிலும் ஓடும். எங்கள் ஊர் எதைத் தேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டம் தின்னும் டேட்டா கொஞ்சம்தான், இறக்குவதற்குத்தான் நிறைய வேண்டும். ஆகவே ஒருவன் மூதூர்ப் பக்கம் போய் நல்ல சிக்னலில் இறக்கி வருவான். மற்றவர்கள் ஷெயாரிட் வழியாகப் போனிலிருந்து போனுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரே இறக்கத்தில் ஒரு ஒழுங்கை முழுவதும் விளையாடியது.

முறையான விளையாட்டு எது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில் ஊர்களில் கொம்புமுறி என்று ஒன்று நடக்கும். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் இத்தகைய வழக்கங்களை எழுதிவைத்திருக்கிறார். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இரு பக்கமும் இழுப்பார்கள். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் ஆடிய ஆட்டம் அது. உபகரணம் இரண்டு மரத்துண்டும் கயிறும்தான். அதில் இறங்கியவனைப் பார்த்து “இது பொழுதுபோக்கு” என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று நாலு பேர் நாலு வளவில் இருந்துகொண்டு, ஒருவன் முன்னால் போக, ஒருவன் பின்னால் காக்க, ஒருவன் விழுந்தால் மற்றவன் உயிரைக் கொடுத்துத் தூக்க ஓடுவதைக் கேட்கிறேன். எந்தப் பெட்டியில் விளையாடுகிறார்கள் என்பது அங்கே இரண்டாம் விசயம்.

உலகமும் அந்த முடிவுக்கு வந்துவிட்டது. 2019 தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் போன் கேம்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஏழு மின்விளையாட்டுகளுக்குப் பதக்கம் இருந்தது; அதில் பப்ஜியும் அரினா ஒஃவ் வலரும் போனில் ஆடியவை. 2017இல் வந்த நிண்டெண்டோ சுவிச்சைத் திறந்து பாருங்கள்: உள்ளே இருப்பது ரப்லெற் வகைக் கருவிகளுக்கென்று என்விடியா செய்த சிப். கொன்சோலே போனின் குடும்பத்துக்குள் வந்துவிட்டது.

ஆனாலும் திருத்துகிறவன் என்ற முறையில் போனின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். முதல் எல்லை சூடு. ஐந்தாம் பிளேஸ்டேசன் பெரிய கேம் ஓடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். அந்தச் சூட்டைத் தள்ள உள்ளே பெரிய விசிறி சுழலும். சாதாரணப் போனுக்குள் விசிறி இல்லை; ஒரு சில வாட்டைத் தாண்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2023இல் வந்த விலை உயர்ந்த ஐபோனில் ‘ரெசிடன்ட் ஈவில்’ போன்ற கொன்சோல் கேம் ஓடியது உண்மை. எவ்வளவு நேரம் அதே வேகத்தில் ஓடும் என்பதே கேள்வி. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மத்தியானம் இரண்டு மணிக்குப் போனை வெளியே எடுத்தாலே கொதிக்கும். “அண்ணன், ஆட்டத்துக்க நடுவுல திக்கித் திக்கி ஓடுது, ஒருக்காப் பாருங்க” என்று வருகிற போன்களில் பாதிக்கு வருத்தமே இல்லை. இரவில் விளையாடு என்று சொல்லி அனுப்புகிறேன். அடுத்தது திரை. கட்டைவிரல் இரண்டும் படத்தை மறைக்கும். அதற்காகச் சுட்டுவிரல்களையும் மேலே வளைத்து நாலு விரலால் ஆடப் பழகிய பிள்ளைகள் உண்டு. அவர்கள் வியர்வைக் கையால் தேய்த்த தொடுதிரைகளையும், சார்ஜில் போட்டபடி ஆடி வீங்கிய பற்றரிகளையும் நான் மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது போன்தான் வகுப்பறை ஆனது. அதுவரை போன் கொடுக்க மறுத்த தாய்மார் நகையை வைத்து வாங்கிக் கொடுத்தார்கள். 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. மேசைக் கணினிகள் எல்லாம் துணி போர்த்திக் கிடந்தன. போன்கள் பவர் பாங்கில் ஓடின. சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. 499 டொலர் பிளேஸ்டேசன் வரி சேராமலே ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாவைத் தொட்டது. ஒரு ஏக்கர் வயல் செய்து அறுவடையில் கையில் மிஞ்சுவதை அறிந்தவர்களுக்கு அந்தத் தொகையின் பொருள் புரியும். எங்கள் ஊரில் கொன்சோல் வரும் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

என் வருத்தம் கணினியைப் பற்றியது. எங்கள் பிள்ளைகள் ஆடும் ஃபிரீ ஃபயர் போனுக்காகச் செய்த கேம். ஆனால் செய்தது கணினியில், யூனிற்றி என்ற மென்பொருளில். 2013இல் ஹனோயில் டோங் நுயென் என்ற இளைஞர் தனி ஆளாக ‘ஃபிளாப்பி பேர்ட்’ செய்து உலகத்தையே தட்டவைத்தார். அவர் கையிலும் கணினி இருந்தது. யூனிற்றியும் அன்ரியலும் றோபுளொக்ஸ் ஸ்ரூடியோவும் கணினியில்தான் திறக்கும். கொடோ என்ற இலவச மென்பொருளைப் போனிலும் திறக்கலாம். ஒரு மாலை முழுக்க ஒரு பொடியனோடு இருந்து முயன்றோம். விசைப்பலகை பாதித் திரையை மறைக்க, எழுதிய வரி கண்ணுக்குத் தெரியாமல் போக, அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினான். விளையாடுவதற்குப் போன் போதும். செய்வதற்குப் போதாது. பிறிக் கேம் காலத்தில் இருந்த அதே இடத்தில்தான் இன்னும் நிற்கிறோம்: வேறெங்கோ ஒரு மேசைக் கணினியில் செய்ததை நாங்கள் கையில் ஏந்தி விளையாடுகிறோம்.

சுற்றுவட்டாரப் பாடசாலைகளில் கணினி அறைகள் உண்டு. பாடவேளை முடிந்ததும் பூட்டு விழும். ஆசிரியர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், திறப்புக்குப் பொறுப்புச் சொல்ல ஆள் இல்லை என்பார்கள், இரண்டும் நியாயம்தான். கிழமையில் இரண்டு பின்னேரம், நான்கு மணியிலிருந்து ஆறரைவரை, பொறுப்பேற்க இரண்டு பெற்றோர் எழுதிக் கொடுத்தால் ஒரு அறையைத் திறந்துவைக்கலாம். கொடோவை நிறுவ இணையம் தேவையில்லை, ஒரு பென் டிரைவில் கொண்டுபோகலாம். பழைய கணினியிலும் சின்னக் கேம் செய்ய அது தாங்கும். பழுதான மவுசையும் விசைப்பலகையையும் சல்லி வாங்காமல் நான் திருத்தித் தருகிறேன். பெற்றோர் இருவரின் கையொப்பத்துக்காகக் கடிதம் எழுதிக் கடை மேசையில் வைத்திருக்கிறேன், ஒருவர் போட்டுவிட்டார்.